பண்ணைக்குட்டையில் கிடைத்த சுருள்கல்: எடுக்கலாமா, விடலாமா?

கேள்வி: அரியலூர் மாவட்டத்தில் எங்கள் நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டும்போது, நத்தை போலச் சுருண்ட கல் ஒன்று தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு. பாதி இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. கழுவி வீட்டில் வைக்கலாமா? யாரிடம் சொல்ல வேண்டும்?

பதில்: முதலில் ஜேசிபியை அந்தப் பக்கம் போகாமல் நிறுத்துங்கள். கழுவுவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அம்மோனைட்டாக இருக்கலாம். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான கடலுயிரி, டைனோசர்களோடு அழிந்துபோனது. அந்தக் காலத்தில் உங்கள் வயல் கடலடி. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைத்து, பூசையில் வைக்கும் சாளக்கிராமக் கல்லில் சக்கரமாகத் தெரிவதும் அம்மோனைட்டின் சுருள்தான். உறுதிசெய்ய ஓர் அடையாளம் உண்டு. மேல் ஓடு தேய்ந்த இடத்தில் சாய்வெளிச்சம் பட வைத்துப் பாருங்கள். சுருட்டைக் கீரையின் ஓரம்போல நெளிநெளியாகக் கோடுகள் ஓடும். உள்ளே இருந்த அறைகளின் சுவர்கள் ஓட்டோடு ஒட்டிய தடம் அது. வெறும் கல்லில் அப்படி வராது.

ஏமாற்றும் கற்களும் உண்டு. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. முட்டையல்ல, கடற்படிவு திரண்டு இறுகிய உருண்டைகள். கல்லில் செடி வரைந்ததுபோல் கறுப்பாகத் தெரிவதும் பெரும்பாலும் மாங்கனீசுக் கறைதான்.

எதுவானாலும் கைவைக்கும் முன் படம் எடுங்கள். தள்ளி நின்று குட்டை முழுவதும் ஒன்று, பக்கத்தில் நாணயமோ பேனாவோ வைத்து ஒன்று. செல்போனில் இருப்பிடத்தைப் பதிந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி ஆழம், அந்த அடுக்கின் மண் என்ன நிறம், சுருள் படுத்திருந்ததா நின்றிருந்ததா என்று எழுதுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அதன் வயதையும் அன்றைய கடலின் ஆழத்தையும் கணிக்க முடியும். மாணவனாக இருந்தபோது நான் பொறுக்கிய ஒரு பை நிறையச் சிப்பிகள், சீட்டு எழுதாததால் எதற்கும் உதவாமல் போயின. இன்றும் அது உறுத்துகிறது.

எலும்பு என்றால் இன்னும் கவனம். உங்கள் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1980களில் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கிப் பொடியாகிவிட்டன. மிஞ்சியவை சில படங்களும் ஓவியங்களும்தான். பயிற்சி பெற்றவர்கள் எடுத்தவற்றுக்கே இந்த கதி. எலும்பு தெரிந்தால் தோண்டவே வேண்டாம்.

உங்கள் சுருள்கல்லையும் விட்டுவைப்பதே நல்லது. வேலையை நிறுத்தவே முடியாது என்றால் மட்டும், சுற்றிலும் ஒரு சாண் மண்ணோடு சேர்த்துக் கட்டியாகப் பெயர்த்து, செய்தித்தாளில் சுற்றி, விவரச் சீட்டை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வையுங்கள். உதிர்ந்த சில்லுகளையும் அதே பொட்டலத்தில் போடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், களிமண் ஊறிப் பருத்தால் ஓடு விரிந்துவிடும். ஆசிட், கம்பி பிரஷ், வார்னிஷ், ஃபெவிகால் எதுவும் கிட்டே வரக்கூடாது.

யாரிடம் சொல்வது என்பதில் பலரும் குழம்புகிறார்கள். பானை ஓடு, ஈமத்தாழி போல மனிதர் விட்டுச்சென்றவை தொல்லியல் துறைக்கு. உங்கள் சுருள்கல் போன்ற புதைபடிவம் புவியியலாளரின் வேலை. சென்னை கிண்டியில் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் அலுவலகம் உள்ளது. புவியியல் துறை உள்ள கல்லூரிகளுக்கும் படங்களை அனுப்பலாம். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. உங்களுக்கு அதுதான் பக்கம். விலை பேசி வருபவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் கைக்குப் போனதும் அதன் ஊர் பெயர் அழிந்துவிடும்.

பதில் வரும்வரை தார்ப்பாய் போட்டு மூடி, மழைத்தண்ணீர் இறங்காதபடி மேட்டுப் பக்கம் ஒரு சிறு வரப்பு அணைத்துவிடுங்கள்.