மிஷனில் இருக்கும் மகனைப் போய்ப் பார்க்கலாமா?

அக்கா, தீபாவளிக்கு மணிலா போய் மகனைப் பார்க்கலாமா, பாட்டி விடாமல் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். மிஷன், அதாவது வெளியூரில் மதப் பணி செய்யும் காலம், முடியும்வரை வீட்டார் நேரில் வர வேண்டாம் என்றுதான் மார்மன் சபை சொல்கிறது. கேட்கக் கஷ்டமாக இருக்கும், தெரியும்.

என் தம்பியும் என்.எஸ். (சிங்கப்பூரின் கட்டாய தேசிய சேவை) முடித்துவிட்டு 24 மாதம் மிஷன் போய்வந்தவன். அப்போதெல்லாம் அன்னையர் தினத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும்தான் போன். அம்மா அந்த இரண்டு நாளுக்காகவே காத்திருப்பார். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை, சொந்த வேலைகளுக்காக விடும் நாளில், வீட்டோடு பேசலாம். துணி துவைப்பது, மளிகை வாங்குவது எல்லாமே அந்த ஒரு நாளில்தான். அதனால் எத்தனை மணிக்கு வசதி என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். மணிலாவுக்கும் நம் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம், அது பெரிய வசதி. தீபாவளி வேறு கிழமையில் வந்தால் முறுக்கு சுடுவதை அவன் பேசும் நாளுக்கு மாற்றிவிடுங்கள். பாட்டி அடுப்படியில் இருந்தே வீடியோவில் பேசட்டும்.

அப்புறம், அவன் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கும் நாள். ஸ்டேக் தலைவர் (நம் வட்டாரச் சபைகளுக்குத் தலைவர்) முறைப்படி விடுவிக்கும்வரை அவன் மிஷனரிதான், பெயர் அட்டையைக் கழற்றச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். அன்றைக்கே சொந்தபந்தம் எல்லோரையும் விருந்துக்குக் கூப்பிடவும் வேண்டாம். இரண்டு வருஷம் எங்கேயும் கூட்டாளி மிஷனரி இல்லாமல் தனியாகப் போகாத பிள்ளை. என் தம்பி முதல் வாரம் கீழே கடைக்குப் போகக்கூட என்னைக் கூப்பிட்டான். நானும் போனேன்.