சுவரில் ஓர் ஆணி

வணக்கம். நீங்கள் அடிக்கடி குறிப்பிடும் டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தைத் தேடிப் பார்த்தேன். ஒரு வேலைக்காரப் பெண் பாத்திரத்தில் பால் ஊற்றுகிறாள், அவ்வளவுதான். மைக்கலாஞ்சலோவைப் பார்த்தால் பிரமிப்பு வருகிறது. இதில் கதையே இல்லையே, எதற்கு இத்தனை கொண்டாட்டம்?
க.

அன்புள்ள க.,

மைக்கலாஞ்சலோவின் பிரமிப்பு உண்மை. ஆனால் வெர்மீரிடம் கதை இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அசல் ஓவியம் ஒன்றரை அடி உயரம்தான். கைபேசியில் பார்த்தால் பாதி தெரியாது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத் தளத்தில் அதை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம், இலவசம்தான். அங்கே முதலில் அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். மேலே ஓர் ஆணி, அதற்கு ஒரு குட்டி நிழல். அங்கங்கே ஆணி பிடுங்கிய ஓட்டைகள்.

அந்தச் சுவர் முதலில் இப்படி வெறுமையாக இல்லை. அவள் தலைக்குப் பின்னால் கூஜாக்கள் தொங்கும் மரச்சட்டம் ஒன்றையும், கீழே பின்னிய கூடை ஒன்றையும் வெர்மீர் வரையத் தொடங்கியிருந்தார் என்பது 2022இல் ஸ்கேன் செய்தபோது தெரியவந்தது. இரண்டையும் அவரே பூசி மறைத்துவிட்டார். ஆணி மட்டும் இருக்கிறது. எனக்கு இந்த மனிதர் மீது பெரிய மரியாதை வந்தது அங்கேதான்.

சரி, இப்போது அவள் கைக்கு வாருங்கள். மணிக்கட்டு வரை வெயிலும் வேலையும் பட்டுக் கன்றிப்போன நிறம். அதற்கு மேலே, வழக்கமாகச் சட்டைக்குள் இருக்கும் இடம், வெளுத்திருக்கிறது. வேலைக்காகச் சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருக்கிறாள். இடுப்பில் இருக்கும் நீலத் துணி, ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்த லாபிஸ் லசூலி கல்லை அரைத்து எடுத்த நிறம். ஐரோப்பிய ஓவியர்கள் காலம் காலமாக மேரி மாதாவின் மேலங்கிக்கு வைத்திருந்த, கொள்ளை விலை கொண்ட நீலம். அதை அடுப்படி வேலை செய்பவளுக்குக் கொடுத்திருக்கிறார்.

மேஜை மேல் இருக்கும் ரொட்டியையும் பாருங்கள், தூள் தூளாக வெளிச்சப் புள்ளிகள். 1675இல், 43 வயதில், டெல்ஃப்ட் நகரில் வெர்மீர் கடனோடு இறந்தார். பதினொரு பிள்ளைகள். ரொட்டிக்காரருக்கு மட்டும் 600 கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) மேல் பாக்கி. மனைவி கத்தரினா அதற்கு ஈடாக இரண்டு ஓவியங்களைக் கொடுத்தார்.

இதெல்லாம் பார்த்த அப்புறம், நூலாக இறங்கும் அந்தப் பாலுக்கு வாருங்கள். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.