கேள்வி – பதில்: சிங்கப்பூரில் சிறைப்பட்டவர் எங்கே இறந்தார்?

கேள்வி (ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி): என் அப்பாவின் தந்தை இங்குள்ள காப்பித் தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1940இல் சேலத்தில் ஆள் எடுத்தபோது பட்டாளத்தில் சேர்ந்தார். சிங்கப்பூர் விழுந்த பிறகு ‘காணவில்லை’ என்று தந்தி வந்தது. போர் முடிந்து வெகுநாள் கழித்து, அவர் 1942 பிப்ரவரி 15 அன்று இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று கடிதம் வந்தது. ஆனால், அவரோடு முகாமில் இருந்ததாகச் சொல்லி ஆத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் பாட்டியை வந்து பார்த்து, 1943இல் கப்பலேற்றும்வரை அவர் உயிரோடுதான் இருந்தார் என்று சொல்லிவிட்டுப் போனாராம். பாட்டி அந்தப் பேச்சை நம்பிக் கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. எந்த நாளில் திதி கொடுப்பது என்பது எங்கள் வீட்டில் இன்றும் தீராத வழக்கு. இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: கடிதம் சொல்வதும் ஆத்தூர்க்காரர் சொன்னதும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று உங்கள் வீட்டில் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. உண்மையில் இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. 1942 பிப்ரவரி 15 என்பது சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை சரணடைந்த நாள். இறந்த நாள் தெரியாத போர்க் கைதிகள் பலருக்கு, அவர்கள் காணாமற்போன அல்லது சிறைப்பட்ட நாளையோ காலத்தையோதான் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் கையிலுள்ள கடிதத்தின் தேதி எழுத்தர் ஒருவர் கணக்கை முடிப்பதற்காக எழுதிய தேதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த ஒரே நாளில் இறந்ததாகப் பதிவாகியுள்ள இந்தியச் சிப்பாய்களின் எண்ணிக்கையைப் பார்த்தாலே இது விளங்கும்.

சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17 அன்று, ஏறத்தாழ 40,000 இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க் மைதானத்தில் திரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அங்கே கேப்டன் மோகன் சிங் அழைத்த இந்திய தேசிய ராணுவத்தில் சிலர் சேர்ந்தனர், சிலர் மறுத்தனர், சிலர் முதலில் சேர்ந்து பின்னர் விலகினர். நீசூன், பிடாதாரி, செலத்தார் போன்ற முகாம்களில் அடைக்கப்பட்ட கைதிகளில் பல்லாயிரம் பேர் 1943இல் நியூகினி, நியூபிரிட்டன் தீவுகளுக்கு வேலைக்காகக் கப்பலேற்றப்பட்டனர். அந்தக் கப்பல்களில் கைதிகள் இருப்பதற்கான அடையாளம் எதுவும் இடப்படவில்லை. 1943 ஜனவரி 26 அன்று அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்த புயோ மாரு என்ற ஜப்பானியக் கப்பலில் இந்தியக் கைதிகள் 195 பேர் மாண்டனர். கரை சேர்ந்தவர்களோ வேவாக், ரபவுல் பகுதிகளில் விமானத்தளம் அமைப்பதற்கும் மூட்டை சுமப்பதற்கும் ஏவப்பட்டு, பட்டினியாலும் மலேரியாவாலும் பெரிபெரியாலும் அடி உதையாலும் இறந்தனர். ஆத்தூர்க்காரர் சொன்ன கப்பல் இவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும்.

எனவே பெயரை வைத்துத் தேடாதீர்கள், படைப்பிரிவை வைத்துத் தேடுங்கள் என்பதே என் முதல் யோசனை. நம்மூர்ப் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஒரே முனுசாமி நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பார். தகப்பன் பெயரின் முதலெழுத்து சேர்க்கப்பட்டிருக்காது. ஆனால் படை எண் மாறாது. எந்தப் படைப்பிரிவின் எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிட்டால், அந்தக் கம்பெனி எங்கே சிறைப்பட்டது, அதன் கைதிகள் எந்தத் தீவுக்குப் போனார்கள் என்பதை ஓரளவு பின்தொடரலாம். தனியொரு சிப்பாயைப் பற்றி எவரும் எழுதி வைக்காத இடத்திலும் கம்பெனியைப் பற்றி எழுதி வைத்திருப்பார்கள்.

படை எண்ணை வீட்டிலேயே தேடுங்கள். தந்தியில் இருக்கலாம். ‘காணவில்லை’ என்றிருந்த காலத்தில் பாட்டிக்கு மாதாமாதம் வந்த அலாட்மெண்ட் (சிப்பாயின் சம்பளத்தில் குடும்பத்துக்கென ஒதுக்கிய பங்கு) மணியார்டரின் துண்டுச் சீட்டு ஏதேனும் பெட்டியடியில் கிடக்கலாம். மெடல் இருந்தால் அதன் விளிம்பையும் பின்புறத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. பாட்டி குடும்ப ஓய்வூதியம் பெற்றிருந்தால் அந்த பென்ஷன் புத்தகம் எல்லாவற்றையும்விட நல்ல சான்று.

எதுவுமே இல்லையென்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. அக்காலத்தில் நம் பக்கத்து இளைஞர்கள் சேர்ந்த பிரிவுகளில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவு முக்கியமானது. இன்றும் ராணுவத்தில் ‘தம்பி’ என்றே அவர்களை அழைப்பார்கள். அப்பிரிவின் மையமும் ஆவண அலுவலகமும் பெங்களூரில் உள்ளன. மதராஸ் ரெஜிமெண்ட்டின் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. தாத்தாவின் பெயர், தந்தை பெயர், கிராமம், தாலுகா, சேர்ந்த ஆண்டு ஆகியவற்றை எழுதி, சேலத்திலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக இந்த ஆவண அலுவலகங்களுக்குக் கடிதம் அனுப்பச் செய்யுங்கள். தனிநபர் எழுதும் கடிதத்தைவிட அலுவலகம் எழுதும் கடிதத்துக்கு மறுமொழி வருவதற்கு வாய்ப்பு கூடுதல். சிப்பாயின் முழு விவரம் அடங்கிய ஷீட் ரோல் அழிக்கப்பட்டிருக்கலாம். லாங் ரோல் எனப்படும் பேரேட்டில் ஒரு வரி மிஞ்சியிருந்தாலும் அதில் எண், சேர்ந்த நாள், படையிலிருந்து நீங்கிய காரணம் ஆகியவை கிடைத்துவிடும்.

அடுத்தது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு. கட்டணம் இல்லை. பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, படைப்பிரிவையும் நினைவிடத்தையும் மட்டும் கொடுத்து, வரும் பட்டியலில் கூடுதல் விவரப் பகுதியைப் படித்துக்கொண்டே வாருங்கள். ‘இன்னாரின் மகன், இன்னாளின் கணவர், சேலத்தைச் சேர்ந்த இன்ன ஊர்’ என்ற அளவில் ஒரு வரி பலருக்கு இருக்கும். பாட்டியின் பெயரே உங்களுக்குச் சாவியாக அமையலாம். அன்றைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது என்பதையும் மறக்க வேண்டாம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 1965வரை சேலத்தோடு இருந்தன, நாமக்கல் 1997இல்தான் பிரிந்தது. ஆகையால் ஓசூர்க்காரரும் திருச்செங்கோட்டுக்காரரும்கூட அதில் சேலத்துக்காரர்கள்தாம். சங்ககிரியைத் தேடுகிறவர்கள் சங்கரிதுருக்கம் என்ற பழைய பெயரிலும் தேட வேண்டும்.

கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியிலுள்ள நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே மொத்தம் 24,000க்கும் அதிகமான பெயர்கள். அதன் பின்புறம் தகன நினைவிடம் ஒன்று தனியே இருக்கிறது. தம் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கான அந்த நினைவிடத்தில் பெரும்பாலோர் இந்தியப் படையினரே. தாத்தாவின் பெயர் சுவரில் இருக்கிறதா, தகன நினைவிடத்தில் இருக்கிறதா என்பது வெறும் இட விவரமன்று. தகன நினைவிடத்தில் இருந்தால், அவருடைய உடல் யாரோ சிலர் கண்முன்னே எரியூட்டப்பட்டது என்று பொருள். நியூகினித் தீவில் லாய், நியூபிரிட்டனில் ரபவுல் பிதாபாக்கா ஆகிய கல்லறைத் தோட்டங்களிலும் மலேயாவில் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கிடக்கிறார்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத ஓரிடம் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகம். நியூகினியைக் கைப்பற்றியது ஆஸ்திரேலியப் படை. போர்க் குற்றங்களுக்காக ஜப்பானிய அதிகாரிகளை விசாரித்ததும் அவர்களே. உயிர் பிழைத்த இந்தியக் கைதிகள் இந்த வழக்குகளில் சாட்சி சொன்னார்கள். ஜமேதார் சிந்த் சிங் அவர்களுள் ஒருவர். யார் எந்த முகாமில், எப்படி இறந்தார் என்று சாட்சிகள் பெயர் சொல்லி விவரித்த வாக்குமூலங்கள் விசாரணைக் கோப்புகளில் உள்ளன. அவற்றுள் பலவற்றை இணையத்திலேயே பக்கம் பக்கமாகப் படிக்கலாம். உங்கள் தாத்தாவின் பெயர் நேரடியாக இல்லாவிட்டாலும் அவரது கம்பெனிக்காரர் ஒருவரின் சாட்சியம் கிடைத்தால் அதன் மதிப்பு பெரிது.

ஜெனீவாவிலுள்ள செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் எழுதலாம். அங்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றே சொல்வேன். 1929ஆம் ஆண்டின் போர்க் கைதிகள் உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டதே தவிர அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. அதனால் கைதிகளின் பெயர்ப் பட்டியல்கள் ஜெனீவாவுக்கு அரைகுறையாகவும் காலந்தாழ்த்தியுமே போய்ச் சேர்ந்தன.

தாத்தா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால், தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையத்தளத்தில் அப்படையைப் பற்றிய கோப்புகளைத் தேடிப் பாருங்கள்.

திதியைப் பொறுத்தவரை, பிப்ரவரி 15ஐ நான் ஏற்கமாட்டேன். நாள் தெரியாமல் போனவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கவே இருக்கிறது. சான்று கிடைக்கும்வரை அதையே வைத்துக்கொள்வது கடிதத்தின் தேதியைவிட உண்மைக்கு நெருக்கமானது.

கேள்வி (ஓமலூரிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் பெரிய தாத்தா மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பானியர்களால் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு இறந்தார். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயர் இருக்குமா?

பதில்: இருக்காது. காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் பர்மாவின் தான்பியூசாயாத்திலும் உள்ளவை படையினருக்கான கல்லறைகள். 415 கிலோமீட்டர் நீளமான அந்த சயாம்–பர்மா ரயில் பாதையில் ஏறத்தாழ 13,000 போர்க் கைதிகள் இறந்தார்கள் என்றால், தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் உள்ளிட்ட கூலித் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 பேர்வரை இறந்திருப்பார்கள் என்பதே ஆணையத்தின் மதிப்பீடு. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு எண் இருந்தது, அவனுடைய மரணத்தைக் குறித்து வைக்க ஓர் அதிகாரி உடனிருந்தார். தோட்டத்துக் கூலிக்கு இரண்டும் இல்லை. காலரா கண்ட முகாம்களில் பிணங்களை மொத்தமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். காஞ்சனபுரி நகரிலுள்ள தவோன் வராராம் புத்த விகாரையில் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த நினைவிடம் இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் அண்மை ஆண்டுகளில் அங்கே நடுகல்லும் நாட்டியிருக்கிறார்கள். பெயர் வேண்டுமானால் அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரைக் கண்டுபிடித்து, மலேசியாவில் அத்தோட்டத்துக் குடும்பங்களிடம் விசாரிப்பதே வழி. சேலத்தில் இருந்துகொண்டு கடிதத்தால் மட்டும் இது ஆகாது.

கேள்வி (ஆத்தூர் வாசகர் ஒருவர்): பூட்டன் பெயர் பொறித்த வட்டமான வெண்கலத் தட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. முதல் உலகப் போரில் கைதியாக இறந்தாராம். இதை வைத்துத் தேட முடியுமா?

பதில்: அந்தத் தட்டில் பெயர் மட்டுமே இருக்கும். பதவியோ எண்ணோ பொறிக்கும் வழக்கம் இல்லை. அதோடு வந்த தாளில் படைப்பிரிவு இருக்கும், அது கிடைக்கிறதா பாருங்கள். முதல் உலகப் போர்க் கைதிகளைப் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கம் வைத்திருந்த அட்டைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐரோப்பாவில் பிடிபட்டவரென்றால் பெர்லினுக்குத் தெற்கேயுள்ள ஸெரென்ஸ்டோர்ஃப் கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள். அங்கே 206 இந்தியர்கள் இருக்கிறார்கள். 1916 ஏப்ரலில் மெசபொட்டேமியாவின் குட் நகரில் சரணடைந்தவர்களில் ஒருவரென்றால் பஸ்ரா நினைவிடத்தைச் சேர்ந்த பதிவுகளைத் தேட வேண்டும். அந்தச் சுவரில் இந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்த பிரிட்டிஷார், சாதாரணச் சிப்பாய்களை ரெஜிமெண்ட் வாரியாக எண்ணிக்கையாக மட்டுமே குறித்தார்கள். ஆகவே சுவரின் படத்தில் தேடி ஏமாறாமல், ஆணையத்தின் பதிவேட்டிலேயே தேடுங்கள்.