படம் வரைய வராது, தகவல் வடிவமைப்பு படிக்கலாமா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு காரைக்குடியில் சித்தப்பாவின் இன்சூரன்ஸ் ஆபீசில் இரண்டு வருஷமாக இருக்கிறேன். எவ்வளவு விளக்கினாலும் பாலிசி யாருக்கும் புரிவதில்லை. போன மாதம் ஆச்சி ஒருவர், அறை வாடகை வரம்பைத் தாண்டியதால் வெட்டு விழுந்த பில்லோடு வந்து, “நீ சொல்லவே இல்லையேத்தா” என்றார். நான் சொல்லியிருந்தேன். தகவல் வடிவமைப்பு என்றே ஒரு படிப்பு இருக்கிறதாமே, படம் வரைய வராத நான் அதைப் படிக்கலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாகப் படிக்கலாம். ஆச்சி கொண்டுவந்த அந்த பில்தான் உங்கள் முதல் பாடம்.

காப்பீட்டுத் தொகை 3 லட்சம், அறை வாடகை வரம்பு நாளுக்கு அதில் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 3,000 ரூபாய். 6,000 ரூபாய் அறையில் தங்கினால் மீதி வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் வரம்பு அந்த வாடகையில் பாதிதான் என்பதால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் செலவுக்குக் கிடைப்பதும் அதே கணக்கில் பாதியாகிவிடும், 80,000 ஆகியிருந்தால் 40,000தான் வரும் (மருந்துக்கு இந்த வெட்டு இல்லை). நீங்கள் சொன்னது பாலிசி எடுத்த அன்று. ஆச்சிக்கு அது வேண்டியிருந்தது ஆஸ்பத்திரி கவுண்டரில், ‘எந்த ரூம்?’ என்று கேட்ட அந்த நிமிஷத்தில். ‘3,000க்கு மேல் ரூம் வேண்டாம், எடுத்தால் டாக்டர் செலவும் குறைத்துத்தான் வரும்’ என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டை அவர் பையில் இருந்திருந்தால் போதும். யாருக்கு, எந்த நேரத்தில், எதை முடிவுசெய்ய என்று பார்த்து மற்றதைப் பின்னால் தள்ளுவதுதான் இந்தத் துறையின் வேலை. 2024 ஜனவரி முதல் பாலிசியோடு தரவேண்டிய தகவல் தாளை எடுத்துப் பாருங்கள் (கேட்டால் தமிழிலும் தரவேண்டும்). முக்கியமானதெல்லாம் அதில் இருக்கிறது, ஆனால் அடுக்கியிருப்பது பாலிசியின் வரிசையில், நோயாளி போகிற வழியில் இல்லை.

லண்டன் சுரங்க ரயிலுக்கு 1931ல் புது வரைபடம் போட்ட ஹாரி பெக் ஓவியர் இல்லை, மின்சுற்றுப் படங்கள் போட்டுப் பழகிய டிராஃப்ட்ஸ்மேன். எங்கே ஏறி எங்கே வண்டி மாறுவது என்பதுதானே பயணிக்கு வேண்டும் என்று நிலையங்களுக்கு நடுவே உள்ள உண்மையான தூரத்தையே விட்டுவிட்டார். 1933ல் அது அச்சாகி மக்கள் கைக்கு வந்தது. அவ்வளவு தூரம் எதற்கு, பர்மாவில் வட்டிக்கடை வைத்த நம் செட்டியார்கள் பேரேட்டையெல்லாம் புரட்டாமல் கடையின் நிலவரம் தெரியத்தானே ஐந்தொகை போட்டார்கள்? பி.காம். படித்த உங்களுக்கு அந்தக் கண் ஏற்கெனவே உண்டு.

சரி, படிப்பு. என்.ஐ.டி. என்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் இதே பெயரில் முதுகலை இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளிக்கு சி.இ.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். அந்தத் தேர்வை எழுத மூன்று வருஷப் பட்டம் போதும், வயது வரம்பு இல்லை. இரண்டு தேர்விலும் கையால் வரையச் சொல்வார்கள், அதனால் தினமும் அரை மணி நேரம் வரைந்து பழகுங்கள். அழகு முக்கியமில்லை, நினைத்தது பார்ப்பவருக்குத் தெரிந்தால் சரி.

விண்ணப்பிக்கும் முன் அந்த அட்டையைச் செய்யுங்கள். ஐந்து பேரிடம் கொடுத்து, ‘புரிந்ததா’ என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். ‘6,000 ரூபாய் ரூம் எடுத்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டு அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், தப்பாகச் சொன்ன இடத்தில் அட்டையை மாற்றுங்கள். சரிவராத அட்டைகளையும் தேதி போட்டு எடுத்து வையுங்கள், நேர்முகத்தில் உங்கள் வேலையைக் காட்டச் சொன்னால் அவையும் உதவும். முதல் அட்டையை அந்த ஆச்சியிடமே கொடுத்துப் பாருங்கள்.