அக்காவைக் கேளுங்கள்: வறண்ட நாளில் வாசல் செடி

கேள்வி: அக்கா, இரண்டு மாதமாக எங்கள் பக்கம் மழையே இல்லை. லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாக வருகிறது. வாசலில் போஞ்சி, தக்காளி, நான்கு ரோஜாச் செடி வைத்திருக்கிறேன். தினமும் மாலையில் பூவாளியால் ஊற்றியும் மறுநாள் மதியம் தலை தொங்கிவிடுகின்றன. இரண்டு வேளை ஊற்றட்டுமா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டாம் தம்பி. இப்போது ஊற்றுவதே வேருக்குப் போய்ச் சேருகிறதா என்று முதலில் பாருங்கள். போன வருடம் வெலிமடையில் என் பாத்தியில் தண்ணீர் ஊற்றிய கையோடு கரண்டியால் தோண்டினேன். மேலே விரல் நகம் அளவு ஈரம், அதன் கீழே கோதுமை மாவு போலப் புழுதி. ஒரு மாதம் நான் சுமந்த வாளியெல்லாம் அந்த நக அளவோடு நின்றிருக்கிறது!

நம் ஊவாக் காற்று அப்படி. ஆடியில் ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. அங்கே ஈரத்தை இறக்கிவிட்டு மலை தாண்டி வரும் காற்று நமக்குக் காய்ந்துதான் வருகிறது. வெயில் பாதி உறிஞ்சினால் அது மீதியை உறிஞ்சிவிடும்.

ஆகவே தினமும் கொஞ்சம் தெளிப்பதை விட்டு, மூன்று நாளைக்கு ஒரு முறை வேரடியில் நிறைய ஊற்றுங்கள். தக்காளிக்குப் பக்கத்தில் அடிவெட்டிய சோடாப் போத்தலைக் கவிழ்த்துப் புதைத்து, மூடியில் ஊசியால் துளையிட்டு, அதற்குள் ஊற்றுகிறேன். மண்ணுக்கு மேல் மானாப்புல்லை நான்கு விரல் தடிப்பில் பரப்புங்கள். தண்டைத் தொட்டால் அழுகும், சற்றுத் தள்ளியே போடுங்கள்.

மதியம் தலை தொங்குவதற்குப் பதற வேண்டாம். வெயிலுக்குச் செடி அப்படித்தான் சோரும். விடியற்காலையிலும் தொங்கினால்தான் அதற்குத் தாகம். தண்ணீர் போதாவிட்டால் பூத்திருக்கும் போஞ்சிக்கே முதல் வாளி. அந்த நேரத்தில் காய்ந்தால் பூ உதிர்ந்துவிடும். ரோஜா பொறுத்துக்கொள்ளும். அரிசி கழுவிய தண்ணீர் எதற்கும் ஆகும். துணி அலசிய தண்ணீரை வாழைக்கு விடுங்கள், பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம்.

இடையில் ஒரு மழை விழுந்தால் தவற விடாதீர்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லீட்டர். 20 அடிக்கு 12 அடி தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 220 லீட்டர்; ஒரு பீப்பாய் நிறைந்துவிடும். கூரை ஓரத்தில் மூங்கிலைப் பிளந்து கட்டினாலே போதும். பீப்பாய் வாயை மட்டும் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். திறந்து கிடந்தால் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு நுளம்பு பறக்கும்.

கேள்வி: கணவர் தினமும் ரப்பர் குழாய் பிடித்து ஓட்டோவைக் கழுவுகிறார். சொன்னால் கோபம் வருகிறது.
- வாசகி, பதுளை

பதில்: சொல்லாதீர்கள், அளந்து காட்டுங்கள். குழாய் முனையில் 10 லீட்டர் வாளியை வைத்து அவர் கையிலேயே மணிக்கூட்டைக் கொடுங்கள். என் வீட்டில் ஒரு நிமிடத்திற்குள் நிறைந்தது. கால் மணி நேரம் கழுவினால் எத்தனை வாளி என்று அவரே கணக்குப் போடட்டும். ஈரத்துணியும் ஒரு வாளியும் ஓட்டோவுக்குத் தாராளம். அதையும் தேசி மரத்தடியில் நிறுத்தித் துடைக்கச் சொல்லுங்கள், சவர்க்காரத் தூள் போடாமல்.