ஆயில் ஆவியை உலோக நுரை பிடிக்குமா?

கேள்வி: என் டீசல் கார் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. டர்போவுக்கு (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பகுதி) போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கிராங்க்கேஸ் (பிஸ்டன்களுக்குக் கீழே இருக்கும் எஞ்சின் கூடு) ஹோஸில் உலோக நுரை வைத்த ஆயில் பிரிப்பான் போட்டால் ஆவி முழுவதும் நின்றுவிடும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: 'முழுவதும்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றபடி நண்பர் சொல்வது சரி. பிஸ்டன் ரிங் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசியத்தான் செய்யும். கிராங்க்கேஸில் ஆயில் தெறித்துக்கொண்டே இருப்பதால், வெளியேறும்போது அந்த வாயு ஆயிலையும் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு காலத்தில் இதைக் குழாய் வழியே சாலையிலேயே விட்டுவிட்டார்கள். 1961 மாடல்களிலிருந்து கலிபோர்னியாவில் விற்ற கார்களில் அதை இன்டேக்குக்கே (எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் வழி) திருப்பிவிட ஆரம்பித்தார்கள், காரணம் அங்கிருந்த புகைமூட்டம். அந்த வழியாகத்தான் உங்கள் டர்போ ஹோஸுக்கும் ஆயில் வந்து சேர்கிறது.

நாம் பொதுவாக ஆவி என்று சொல்வதில் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது. ஒன்று, ஒரு மைக்ரான் அளவிலும் அதற்குக் கீழும் இருக்கும் ஆயில் துளிகள் (தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான்). மற்றொன்று, சூட்டில் நிஜமாகவே வாயுவாகிப்போன ஆயில். நுரை பிடிப்பது துளியை. வாயுவுக்கு எந்த வடிகட்டியும் சல்லடைதான், அது முதலில் குளிர்ந்து துளியாக வேண்டும்.

நுரையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள், ஸ்பாஞ்சை உலோகமாக மாற்றியதுபோல இருக்கும். நிக்கல் நுரையைப் பெரும்பாலும் அப்படியேதான் செய்கிறார்கள்: பாலியூரிதேன் ஸ்பாஞ்சின் மேல் நிக்கலைப் படியவைத்து, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை எரித்துவிட்டால் மெல்லிய நிக்கல் இழைகளின் வலைதான் மிஞ்சும். அதன் கனஅளவில் 90 சதவீதத்துக்கு மேல் காலி இடம்தான். வாயு அதற்குள் நுழைந்ததும் இழைக்கு இழை வளைந்து வளைந்து போக வேண்டியிருக்கிறது. பெரிய துளிக்கு அந்த வேகத்தில் திரும்பத் தெரியாது, நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியது வாயு மூலக்கூறுகளிடம் இடிபட்டு அங்குமிங்கும் தள்ளாடி எங்காவது ஒட்டும். இரண்டுக்கும் நடுவே, சுமார் 0.3 மைக்ரான் அளவில் இருப்பதுதான் கில்லாடி, அதிகம் தப்பிப்பது அதுதான். ஒட்டியவை ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, கீழே வழிந்து சொட்டும்.

ஜெட் எஞ்சின்களில் இதே நுரையைச் சுழலும் பிரீதருக்குள் (ஆயில் கலந்த காற்று வெளியேறும் பகுதி) வைக்கிறார்கள், ஒட்டும் ஆயிலைச் சுழற்சியே வெளிப்பக்கம் வீசிவிடுகிறது. நம் காரில் அந்த வசதி இல்லை, புவியீர்ப்பை நம்பித்தான் பிழைப்பு.

கேள்வி: அப்படியானால் துளை எவ்வளவு நுண்ணியதாக இருந்தால் அவ்வளவு நல்லதுதானே?

பதில்: இல்லை! துளை சிறிதானால் பிடிக்கும் அளவு கூடும்தான், ஆனால் ஆயிலும் துளைக்குள்ளேயே தேங்கி நிற்கும், சொட்டாது. தேங்கினால் வழி அடைபடும், கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும், அப்புறம் ஆயில் சீல் வழியாகவோ டிப்ஸ்டிக் குழாய் வழியாகவோ ஆயில் வெளியே தள்ளும். ஹோஸில் ஒட்டிய ஆயிலை நிறுத்தப்போய் சீல் மாற்றும் வேலையை இழுத்துக்கொள்ளாதீர்கள். வாயு வரும் பக்கம் பெரிய துளை, அதற்கடுத்து சிறிய துளை என்று இரண்டு அடுக்காக வைப்பது நல்லது. சொட்டும் ஆயில் வாயுவின் ஓட்டத்தில் மறுபடி மாட்டாத இடத்தில் வடிய வேண்டும், எனக்குத் துளையின் அளவைவிட இதுதான் முக்கியம்.

கேள்வி: தனியாகப் பொருத்திய கேட்ச் கேனில் (பிடிபட்ட ஆயில் சேரும் டப்பா) வெளிறிய பசைபோல ஏதோ சேர்கிறது. அதை மறுபடி எஞ்சினில் ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள், அது தண்ணீரும் ஆயிலும் கலந்த குழம்பு. எரிபொருள் எரிந்தால் நீராவி வரும், கசிந்த வாயுவிலும் அது இருக்கும். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பிரிப்பான் சூடாகவே இருப்பதால் நீராவி நீராவியாகவே வெளியேறிவிடும், அதனால் அங்கே பிடிபடும் ஆயில் நேரே சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) திரும்பினால் தொந்தரவில்லை. தள்ளி, குளிர்ந்த இடத்தில் இருக்கும் கேன் ஆயில் ஆவியைக் கூடுதலாகப் பிடிக்கும், கூடவே தண்ணீரையும் பிடிக்கும். கடுங்குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து ஹோஸையே அடைத்துவிடக்கூடும், அப்படிப்பட்ட இடத்தில் ஓட்டுகிறவர்கள் கேனை அடிக்கடி காலி செய்ய வேண்டும். வெயில் காலத்திலும் பசை நிறைய வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் கேனை விடுங்கள், ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்மூடிக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) பாருங்கள்.

கேள்வி: நுரைக்குப் பதில் பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளை வைத்தால் என்ன?

பதில்: நானும் வைத்துப் பார்த்தவன்தான். ஆயிலைப் பிடித்தது. சில மாதம் கழித்துக் கேனைத் திறந்து அடியில் விரலைவிட்டுத் தடவினால் முடிபோல மெல்லிய கம்பித் துண்டுகள்! அதில் ஒன்று இன்டேக் பக்கம் போயிருந்தால் டர்போவின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அன்றைக்கே எடுத்துவிட்டேன். நுரை ஒரே உடலாக இருப்பதால் அவ்வளவு எளிதில் உதிராது, ஆனால் கத்தரித்து வாங்கியிருந்தால் ஓரங்களில் துணுக்குகள் இருக்கும். மண்ணெண்ணெயில் அலசி, காற்றடித்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.