கின்லாக் ரானக் செல்ல ரானக் நிலையத்தில் இறங்கலாமா?

கேள்வி: ஸ்காட்லாந்தின் கின்லாக் ரானக் கிராமத்தில் மூன்று நாள் தங்க அறை எடுத்திருக்கிறோம். எடின்பரோவிலிருந்து வருகிறோம், கார் கிடையாது. ரானக் நிலையத்துக்குச் சீட்டு எடுத்தால் போதுமா?

பதில்: பிட்லாக்ரிக்கு எடுங்கள். பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறையப் பேர்.

கிராமம் இருப்பது ரானக் ஏரியின் கிழக்கு முனையில். ஏரியின் நீளமே 15 கி.மீ. அதன் மேற்கு முனையையும் தாண்டி, ரானக் சதுப்புவெளியின் ஓரத்தில் இருக்கிறது ரானக் நிலையம். கிராமத்திலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 27 கி.மீ. அங்கே ஊர் கிடையாது. பி846 சாலையும் அத்தோடு முடிந்துவிடுகிறது. வாடகைக் கார் வாசலில் நிற்காது. இறங்கிய பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் அலைபேசிச் சிக்னலும் கைவிடலாம்.

பிட்லாக்ரி கிழக்கே, 30 கி.மீ-க்குச் சற்று மேல். தூரம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அது கடைகளும் வாடகைக் காரும் உள்ள ஊர். பெர்த்–இன்வெர்னெஸ் பாதையில் இருப்பதால் எடின்பரோவிலிருந்து சில ரயில்கள் நேராகவே வரும். மற்றவற்றுக்குப் பெர்த்தில் மாற வேண்டும். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிராமத்துக்கு வண்டியை முன்கூட்டியே பேசிவையுங்கள். பேருந்தில் போவதானால் உங்கள் கிழமைக்கு அது உண்டா என்று பார்த்துவிட்டே ரயில் சீட்டு வாங்குங்கள்.

ரானக் இருப்பது வேறு பாதை: கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ஃபோர்ட் வில்லியம் செல்வது. நாளுக்கு விரல்விட்டு எண்ணும் ரயில்கள்தான், ஞாயிறன்று இன்னும் குறைவு. கிரியன்லாரிக்கில் ரயில் இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி ஓபன் (Oban) என்ற ஊருக்குப் போய்விடும்; ஏறும்போதே பெட்டியைக் கேட்டு உட்காருங்கள். தவறான நிலையத்தில் இறங்கிவிட்டு ரயிலிலேயே சரிசெய்துகொள்ளவும் வழியில்லை. இரு பாதைகளும் இங்கே சேர்வதில்லை. கிளாஸ்கோ வரை திரும்பிப் போய் பெர்த் வழியாக வர அரை நாள் போய்விடும்.

லண்டன் யூஸ்டனிலிருந்து இரவு ரயிலில் வருபவர்களுக்கு இதே குழப்பம் வேறு உருவில் வரும். ஒரே ரயில் எடின்பரோவில் மூன்றாகப் பிரிகிறது. பிட்லாக்ரிக்கு இன்வெர்னெஸ் பெட்டிகள், ரானக்குக்கு ஃபோர்ட் வில்லியம் பெட்டிகள். சனி இரவு இந்த ரயில் இல்லை.

அதற்காக ரானக் நிலையத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். 1894-இல் திறந்த இந்தப் பாதையைச் சதுப்பில் போடும்போது, வேர்களும் சுள்ளிகளும் மண்ணும் சாம்பலும் கொட்டி மெத்தை போல அமைத்து, அதன்மேல் தண்டவாளத்தை மிதக்கவிட்டார்கள். ஒருநாள் வண்டி பேசி அங்கே போய், அடுத்த நிலையமான கொரூருக்கு ரயிலேறுங்கள். 12 நிமிடப் பயணம். கடல்மட்டத்துக்கு மேல் 408 மீட்டர், பொதுச்சாலையே எட்டாத நிலையம் அது. திரும்பும் ரயிலின் நேரத்தைக் குறித்துக்கொண்ட பிறகே ஏறுங்கள். அதைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரலாம்.